ரிம்மில் வெட்டிவேர் வாசனை

கிச்சாவுக்கு அன்று காலை காப்பி தொண்டையில் இறங்கவில்லை. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவனுக்குக் காப்பி இறங்கவில்லை என்றால் சங்கதி பெரிசு என்று அர்த்தம். டம்ளரை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு, எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த தன் எஜமானர் துப்பறியும் ரகுபதியைப் பார்த்தான்.

"சார், ஒரு கேஸ் வந்திருக்கு."

"கட்சிக்காரர் யார்?"

"நான்தான்."

ரகுபதி பேப்பரை மடித்தார். "நீயா? யாரைக் கண்டுபிடிக்கணும்?"

"யாரையாவது. இப்போ லாக்கப்புல உக்காந்திண்டிருக்கற ஆளைத் தவிர வேற யாரையாவது."

நடந்தது இதுதான். சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, லஸ் முனையில் கிளம்பி, அடையாறு, சைதாப்பேட்டை வழியாகப் போய், பரங்கிமலை பல்லாவரம் குன்றுகளையெல்லாம் ஏறி இறங்கி, மறுபடி லஸ்ஸுக்கே வந்து முடிகிற ஒருநாள் சைக்கிள் பந்தயம் நடந்தது. ஓட்டியவர்கள் யாரும் பொழுதுபோகாமல் ஓட்டுகிறவர்கள் அல்ல. சைக்கிள் கம்பெனிகள் சம்பளம் போட்டு வைத்திருக்கிற தொழில்காரர்கள். அதில் நொச்சிக்குப்பத்துப் பொன்னுரங்கம்தான் ஜெயிப்பான் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. பல்லாவரத்தில் கல்லுடைக்கிற குன்றின் இறக்கத்தில் அவன் பிரேக் பிடித்தான். பிடிக்கவில்லை. சைக்கிளோடு பறந்து போய்க் கல் குவியலில் விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டான். தூக்கப் போனவர்களுக்குச் சக்கரத்தைத் தொட்டதும் கை வழுக்கியது. பிரேக் கட்டை கவ்வுகிற ரிம் முழுக்க எண்ணெய்!

பந்தயத்தில் ஜெயித்தவன் அப்துல் கஃபார். அவனுடைய அண்ணன் அப்துல் கய்யூம், கச்சேரி ரோட்டருகே பள்ளிவாசல் சந்தில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். தம்பி வண்டிக்கும் பொன்னுரங்கம் வண்டிக்கும் மெக்கானிக் அவர்தான். செய்தி லஸ்ஸுக்கு வந்து சேர்ந்தபோது கிச்சா கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். வாய் சும்மா இருக்குமா? "தம்பி ஜெயிக்கணும்னா அண்ணன் கொஞ்சம் எண்ணெய் செலவு பண்ணித்தானே ஆகணும்!" என்று ஒரு போடு போட்டான். சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு மயிலாப்பூர் முழுக்கச் சுற்றிவிட்டு சப் இன்ஸ்பெக்டர் தணிகாசலத்தின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கய்யூம் லாக்கப்பில் இருந்தார்.

"நான் விளையாட்டுக்குச் சொன்னேன் சார். சத்தியமா விளையாட்டுக்கு."

"தெரியும்டா. நீ எதையாவது வினையாச் சொல்லி நான் கேட்டதே இல்லையே." ரகுபதி பொடி டப்பியை மடியில் செருகிக்கொண்டு எழுந்தார். "வா. என் வாழ்க்கையிலே இவ்வளவு மூஞ்சியைத் தொங்கப் போட்டுண்ட கட்சிக்காரனை நான் பார்த்ததில்லை."

போலீஸ் ஸ்டேஷனில் தணிகாசலம் அவர்களைக் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வரவேற்றார். "வாங்க ரகுபதி! உங்க ஆள் புண்ணியத்துல கேஸ் ஒரே நாள்ல முடிஞ்சுது. மத்தியானம் ஆளைக் கோர்ட்டுக்கு அனுப்பிடறேன்."

கிச்சாவுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. கம்பிக்குப் பின்னால் கய்யூம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டாத மனிதர் ஒரே ராத்திரியில் கிழவராகி இருந்தார். கிச்சாவின் சைக்கிளுக்கு எத்தனையோ தடவை பஞ்சர் ஒட்டிவிட்டு, "போ சாமி, அப்பால பாத்துக்கலாம்" என்று அனுப்பி வைத்த மனிதர் அவர். கிச்சா அந்தப் பக்கம் பார்க்காமல் வராந்தாவில் கிடந்த பொன்னுரங்கத்தின் சைக்கிளைப் பார்த்தான்.

ரகுபதி அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "இவர் என்ன சொல்றார்?"

"அந்த வண்டியை நான் தொடவே இல்லைங்கறான். ராத்திரி முழுக்க மிரட்டிப் பார்த்தாச்சு. தொடவே இல்லை, தொடவே இல்லை, அதே பாட்டு."

"கிச்சா, ரிம்மை மோந்து பார். என் மூக்கு பொடிக்கு அடிமையாகி வருஷக்கணக்காச்சு."

கிச்சா குனிந்து மோந்தான். "தேங்காய் எண்ணெய். அதுவும் வெட்டிவேர் போட்டுக் காய்ச்சினது. எங்காத்துல மன்னி தலைக்குத் தேச்சுக்கறது இந்த மாதிரிதான். ஏன் சார், சைக்கிளுக்கு முடி கொட்டறதோ?"

பக்கத்தில் நின்ற ஏட்டு களுக்கென்று சிரித்தார். கிச்சா சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். பாழாய்ப் போன வாய்! நேற்று இந்த வாய் பண்ணினது போதாதா?

"சங்கிலியைத் தொடு," என்றார் ரகுபதி.

தொட்டான். கறுப்பு மிஷின் எண்ணெய். வெட்டிவேர் வாசனை துளிக்கூட இல்லை.

"இப்போ மணியைத் தொடு."

மணி புதுப் பாத்திரம் மாதிரி மின்னியது. விரலில் வெட்டிவேர் மணத்தது. ஹாண்டில் பாரிலும் அதே வாசனை, பெடல் கம்பியிலும், சீட்டுக்குக் கீழே இருக்கிற ஸ்பிரிங்கிலும்கூட.

ரகுபதி எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "தணிகாசலம், ஒருத்தன் காலை உடைக்கணும்னு வர்றவன் ரிம்மில் எண்ணெய் தடவுவான். நியாயம்தான். மணிக்கு எதுக்கய்யா தடவறான்? மெக்கானிக் எண்ணெய் போடற இடம் சங்கிலி. அங்கே இந்த எண்ணெய் இல்லை. ஊரார் கண்ணுக்குப் பளபளன்னு தெரியற இடத்திலே எல்லாம் இருக்கு. இது கெடுக்க வந்த கை இல்லை. கொஞ்ச வந்த கை. எண்ணெயைப் பார்த்தால் பொம்பளை கை மாதிரி..."

"நான்தான் சார் தடவினேன்!"

எல்லோரும் திரும்பினார்கள். கய்யூம் எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான். தம்பி ஜெயிக்கணும்னு தடவினேன். எழுதிக்குங்க. இந்தப் பெரியவரை எங்கியும் போக வேணான்னு சொல்லுங்க."

தணிகாசலத்தின் முகம் மலர்ந்துவிட்டது. ஏட்டு பேனாவைத் தேடினார்.

கிச்சாவுக்கு முதலில் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: அப்பாடா! நான் சொன்னது சரியாப் போச்சு! அடுத்த நிமிஷமே தன்மேலேயே அருவருப்பு வந்துவிட்டது. ஒரு மனிதர் ஜெயிலுக்குப் போகிறார், நமக்கு நிம்மதியா? சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று நொந்துகொண்டே தெருவில் இறங்கினான்.

"என்ன கட்சிக்காரரே, கேஸை வாபஸ் வாங்கிக்கறியா?" என்றார் ரகுபதி.

"அவரே ஒத்துண்டுட்டாரே சார்."

"ராத்திரி முழுக்க இல்லை இல்லைன்னவன், பொம்பளைங்கற வார்த்தை காதில விழுந்த உடனே ஆமாங்கறான். இது ஒத்துக்கறது இல்லைடா. கதவைச் சாத்தறது. யார் வீட்டுக் கதவுன்னு பார்க்க வேண்டாமா?"

கய்யூமின் வீடு கடைக்குப் பின்கட்டில் இருந்தது. கடை மூடியிருந்தது. பலகைக் கதவில் ஒரு பலகை பிளந்து தொங்கியது. வாசலில் கருங்கல் ஜல்லிகள் சிதறிக் கிடந்தன. நேற்று ராத்திரி யாரோ கல்லெறிந்திருக்கிறார்கள். கிச்சா அவற்றை மிதிக்காமல் சுற்றிப் போனான்.

கய்யூமின் மனைவி ஜைதூன் பீ திரைக்குப் பின்னால் நின்று பேசினாள். ரகுபதி எண்ணெயைப் பற்றிக் கேட்டதும் வளைக் கை ஒன்று திரைக்கு வெளியே ஒரு பாட்டிலை நீட்டியது. கிச்சா அதைத் திறந்து மோந்தான். அதே வாசனை.

"நான் காய்ச்சறதுதான். வெட்டிவேரும் மருதாணியும் போட்டு. ஏன், அதுவும் இப்ப குத்தமா?"

"குத்தம் இல்லேம்மா. இதை வேற யாருக்காவது கொடுக்கறது உண்டா?"

"பாஞ்சாலிக்குக் குடுப்பேன். பொன்னுரங்கம் பொஞ்சாதி. அவ எனக்கு மீனு கொண்டாந்து குடுப்பா, நான் அவளுக்கு எண்ணெய் குடுப்பேன். எங்க வூட்டுக்காரரு அவளைக் கூடப் பொறந்த பொறப்பு மாதிரி நெனைக்கறவரு. அவ தாலிய இவரு அறுக்கப் பாத்தாருன்னு சொல்றாங்களே, சொல்றவங்களுக்கு வாய் கூசாதா?" அவள் குரல் தழுதழுத்தது. "லஸ்ஸுல யாரோ ஒரு சாமி வூட்டுப் புள்ள நாக்குல நரம்பில்லாம பேசினானாம். அதுலதான் எல்லாம் ஆரம்பிச்சிதாம். அவனைப் பாத்தா நான் திட்ட மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேப்பேன்."

"என்ன கேப்பீங்க?" என்றான் கிச்சா. கேட்காமல் இருக்க அவனால் முடியவில்லை.

"எங்க வூட்டுக்காரரை உனக்குத் தெரியுமாப்பான்னு கேப்பேன். அவ்வளவுதான்."

தெரியும். நன்றாகத் தெரியும். கிச்சா பாட்டிலைத் திரைக்கடியில் வைத்துவிட்டு வெளியே வந்தான். தான்தான் அந்தப் பிள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை. நேற்று மட்டும் எங்கிருந்து வந்ததோ!

நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரத்துப் பெண்கள் மீன் கூடைகளை விரித்துக் கூவிக்கொண்டிருந்தார்கள். உப்புக் காற்று முகத்தில் அறைந்தது. பொன்னுரங்கத்தின் குடிசை வாசலில் பாஞ்சாலி கஞ்சிச் சட்டியின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். கறுத்து மெலிந்த, வேகமான பெண். ஆஸ்பத்திரியிலிருந்து விடிகாலையில்தான் வந்தாளாம், கஞ்சி காய்ச்சி எடுத்துப் போக. கய்யூம் பிடிபட்ட சேதி அவளுக்குத் தெரியாது. அதை யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை. ரகுபதி தாங்கள் துப்பு விசாரிக்க வந்தவர்கள் என்றதும் ஆரம்பித்துவிட்டாள்.

"கண்டுபுடி சார்! எந்த நாசமாப் போறவன் என் புருசன் சக்கரத்துல மிஷின் எண்ணெய ஊத்துனானோ, அவன் கையி வெளங்காமப் போவ! அவன் குடும்பம் நடுத்தெருவுல நிக்க!"

கிச்சாவுக்குக் காது கூசியது.

"வண்டி ராத்திரி எங்கேம்மா இருந்தது?" என்றார் ரகுபதி.

"வூட்டுக்குள்ளாரதான். நான் அது பக்கத்துலதான் பட்த்துக்கினு இருந்தேன். எவன் வர முடியும்? காலைல நானே என் கையால எண்ணெய் போட்டுத் தொடச்சி, பொட்டு வச்சி அனுப்பனேன். உப்புக் காத்துக்குத் துரு ஏறிடும், எண்ணெய் காட்டும்மான்னு கய்யூம் பாய்தான் சொல்லிக் குடுத்தாரு. நாலு ஊரு ஆளுங்க பாக்கற ரேசாச்சே! சக்கரம், மணி, கம்பி, ஒண்ணுத்தையும் உடல. வெயில்ல அப்படியே தகதகன்னு மின்னிச்சி சார். மவராசன் கணக்கா போனாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது கிச்சாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ரகுபதியின் கையைப் பிடித்து வலைகள் காய்கிற பக்கமாக இழுத்துக்கொண்டு போனான்.

"சார், இவகிட்ட சொல்லிடாதீங்கோ. உங்களுக்குக் கோடிப் புண்ணியம். வாயாரச் சபிச்சாளே, அத்தனையும் தன் தலையிலேயே போட்டுண்டுட்டா சார்."

"சொல்லலைன்னா பாய் ஜெயிலுக்குப் போவார். அவருக்கு இது தெரியும். தான் சொல்லிக் கொடுத்தது இப்படி ஆயிடுத்தேன்னு வாயை மூடிண்டிருக்கார்."

"சொன்னா இவ பொழைக்க மாட்டா."

"உன் கேஸ்தானே, கட்சிக்காரரே. நீயே முடிவு பண்ணு. ஒரு வார்த்தையாலே ஒருத்தரை உள்ளே தள்ளினே. ஒரு வார்த்தையாலே வெளியே கொண்டு வரலாம். இன்னொருத்தர் தலையிலே கல்லைப் போட்டுத்தான் கொண்டு வரணும்."

கிச்சாவுக்கு வேடிக்கையாகக்கூட ஒன்றும் தோன்றவில்லை.

"சரி," என்றார் ரகுபதி கொஞ்சம் இரங்கி. "விஷயம் தெரிஞ்ச ஆள் இன்னொருத்தர் இருக்கார். முதல்ல அவரைப் பார்ப்போம்."

மூவரும் ஜட்காவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழி முழுக்கப் பாஞ்சாலி கஞ்சிச் சட்டியை மடியில் அணைத்துக்கொண்டு, புருஷன் மறுபடி எப்போது சைக்கிள் ஓட்டுவான் என்று பேசிக்கொண்டே வந்தாள். ஓட்டவே மாட்டான் என்று டாக்டர் சொல்லியிருந்தது, ஸ்டேஷனில் ஏட்டு சொல்லிக் கிச்சாவுக்குத் தெரியும். வார்டு வாசலில் இறங்கியதும், கிளாஸ் கழுவிக்கொண்டு வரும்படி அவளைக் குழாயடிக்கு அனுப்பிவிட்டு அவர்கள் உள்ளே போனார்கள்.

பொன்னுரங்கத்தின் காலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தேக்குக் கட்டை மாதிரி இருந்த ஆள், கட்டிலில் ஒடுங்கிக் கிடந்தான்.

ரகுபதி சுற்றி வளைக்கவில்லை. "ஏம்பா, சைதாப்பேட்டைக் கடைத்தெருவை ஒரு தடவைகூட பிரேக் போடாமத் தாண்ட முடியுமா?"

"ஆண்டவனே வந்து ஓட்டுனாலும் முடியாது சார்."

"அப்போ பிரேக் பிடிக்காதுன்னு பல்லாவரம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே உனக்குத் தெரியும்."

பொன்னுரங்கம் கண்ணை மூடிக்கொண்டான்.

"சைதாப்பேட்டையில கட்டை வண்டி குறுக்க வந்திச்சி. பிரேக்கப் புடிச்சேன். ரிம்முல பிரேக் கட்டை வழுக்கிக்கினு போச்சி. காலைத் தேச்சி நிறுத்தனேன். அப்ப வாசனை அட்ச்சிது. எம் பொஞ்சாதி தலை வாசனை எனக்குத் தெரியாதா சார்? சிரிப்புதான் வந்திச்சி. எறங்கி ஒரு கை மண்ணு போட்டுத் தேச்சிருந்தா சரியாப் பூட்டிருக்கும். கஃபார் முன்னால போய்க்கினு கீறான். எறங்க மனசு வர்ல. ஏத்தத்துல புடிச்சிக்கலாம், எறக்கத்துல காலால சமாளிச்சிக்கலாம்னு நெனச்சேன். எம் புத்திய செருப்பால அடிக்கணும்."

"போலீஸ் கேட்டப்போ பாய் பேரை நீதான் சொன்னியா?"

"நான் சொல்லல சார். அவுங்களே சொன்னாங்கோ. நான் இல்லைன்னு சொல்லல." அவன் கண் நிறைந்துவிட்டது. "சொன்னா இவ பேரு வந்துடுமே. தன்னாலதான் நான் நொண்டியாயிட்டேன்னு தெரிஞ்சா இவ கடல்ல வுயுந்துடுவா."

"நான் இன்னாத்துக்கு வுயணும்?"

பாஞ்சாலி கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. கையில் கிளாஸிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கிளாஸை மெதுவாகத் தரையில் வைத்தாள். தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள். முகம் வெளுத்து, உதடு கோணி, ஒரு சத்தமும் வராமல் கண்ணீர் கொட்டியது. கிச்சாவால் பார்க்க முடியவில்லை. பொன்னுரங்கம் கையை நீட்டினான். அவள் அதைப் பிடிக்கவில்லை.

"கய்யூம் பாய் பேரு இன்னாத்துக்கு வந்திச்சி? பாயி எங்க?"

கிச்சா ரகுபதியை முந்திக்கொண்டான்.

"லாக்கப்புல இருக்கார்," என்றான் கிச்சா. "நேத்து சாயங்காலத்திலேருந்து."

பாஞ்சாலி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். அவ்வளவுதான், அழுத பெண்ணைக் காணோம்!

"நேத்துலேந்து தெரிஞ்சிக்கினே வாய மூடிக்கினு கெடந்தியா?"

"உனக்காவத்தான்டீ..."

"எனக்காவவா? எனக்காவ அந்த மனுசன் கம்பி எண்ணணுமா? நான் கேட்டனா உன்ன? தெரியாத்தனமா எண்ணெய் வச்சேன். அந்தப் பாவத்த நான் சொமக்கறேன். தெரிஞ்சே நீ பண்ணியே, இத எவ சொமப்பா? ஜைதூனக்கா மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?" அவள் கிச்சாவையும் ரகுபதியையும் ஒரு பார்வை பார்த்தாள். "நீங்களும் தெரிஞ்சிக்கினுதான் வண்டியில வாய மூடிக்கினு வந்தீங்களா? நல்லா கீதுய்யா உங்க நாயம்! ஆம்பளைங்க எல்லாம் கூடி எனக்கு இன்னா தெரியலாம், இன்னா தெரியக்கூடாதுன்னு பேசி முடிச்சிட்டீங்க."

கஞ்சியைக் கிளாஸில் ஊற்றிப் புருஷன் கையில் திணித்தாள். "குடி. வந்து பேசிக்கறேன்." அவன் மறு பேச்சில்லாமல் வாங்கிக்கொண்டான்.

தணிகாசலம் தொப்பியை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பத் தயாராக நின்றபோது பாஞ்சாலி ஸ்டேஷன் படியேறினாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். தன் புருஷன் சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள். தணிகாசலம் தொப்பியைக் கழற்றிவிட்டு மேஜைமேல் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நீ ஏம்மா இங்க வந்தே?" உள்ளேயிருந்து கய்யூம் பதறினார். "சார், அவ சொல்றத எழுதாதீங்க. நான்தானே எண்ணெய் போடச் சொல்லிக் குடுத்தேன்."

"ரேசு அன்னிக்கிப் போடச் சொன்னியா பாய்? மழை நாள்ல சொன்னது அது. நான்தான் மின்னணும்னு ஆசப்பட்டேன்."

"அது இல்லம்மா." கய்யூம் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். "எந்த ரேசானாலும் கெளம்பறதுக்கு முன்னால ரெண்டு வண்டியையும் சுத்திப் பாக்கறவன் நான். நேத்து என் தம்பி வண்டியையே பாத்துக்கினு நின்னுட்டேன். அவன் ஜெயிக்கணும்னு உள்ளுக்குள்ள ஆசை. பொன்னுரங்கம் வண்டியத் தொடவே இல்ல. ஒரு தடவை தொட்டிருந்தா எண்ணெய் தெரிஞ்சிருக்கும், தொடச்சி விட்டிருப்பேன். தொடவே இல்லைன்னு ராத்திரி பூரா சார்கிட்ட சொன்னேனே, அதான் என் குத்தம். அதுக்குத்தான் உள்ள உக்காந்திருக்கேன்."

தணிகாசலம் தலையைச் சொறிந்தார். "எண்ணெய் வச்சவ நான்தாங்கறா. பார்க்காதவன் நான்தாங்கறான். அங்கே ஆஸ்பத்திரியிலே ஓட்டினவன் நான்தாங்கறானாம். என் சர்வீஸ்லே குத்தவாளி இல்லாம திண்டாடியிருக்கேன். இப்படி வரிசை கட்டி வந்து பார்த்ததில்லை. ரகுபதி, நான் யாரைய்யா பிடிச்சுப் போடறது?"

"யாரையும் போட முடியாது. பூட்டைத் திறங்க," என்றார் ரகுபதி.

பூட்டு திறந்தது. கய்யூம் வெளியே வந்து வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். கிச்சா அவர் எதிரே போனான்.

"பாய், லஸ்ஸுல அந்த வார்த்தையைச் சொன்னது..."

"நீதான். தெரியும். ஏட்டு ராத்திரியே சொல்லிட்டாரு." கோபமில்லாமல்தான் சொன்னார். கோபித்திருந்தால் தேவலை. "வூட்டு வாசல்ல கல்லு விழுந்துச்சாமே?"

"ஆமாம் பாய். என்னை மன்னிச்சிடுங்கோ."

"மன்னிப்ப வச்சிக்கினு நான் இன்னா பண்றது சாமி? நான் வூட்டுக்குப் போவணும். வழியெல்லாம் ஆளுங்க நிப்பாங்க. ஆளுக்கு ஒண்ணு கேப்பாங்க. எனக்குப் பேசத் தெம்பு இல்ல. நீ முன்னால நட. கேக்கறவனுக்கு நீ பதில் சொல்லு."

"என் பேரச் சொல்லு," என்றாள் பாஞ்சாலி. "பொன்னுரங்கம் பொஞ்சாதிதான் எண்ணெய் வச்சான்னு சொல்லு. புருசன் வண்டியத்தானே தொடச்சேன், எவன் குடியையும் கெடுக்கலியே. பாய் மேல மட்டும் எவனும் ஒரு சொல்லு சொல்லக்கூடாது."

கிச்சா முன்னால் நடந்தான். கய்யூம் சற்றுத் தள்ளிப் பின்னால் வந்தார். கச்சேரி ரோட்டில் கபாலியின் வெற்றிலைபாக்குக் கடை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். கிச்சாவைக் கண்டதும் எல்லோர் முகத்திலும் சிரிப்பு தயாராகிவிட்டது.

"இன்னா சாமி," என்றான் கபாலி, "எண்ணெய் பாயை நீயே இஸ்துகினு வர்றியா? என்னா சேதி?"

"பாய் எதுவும் பண்ணலை. பொன்னுரங்கம் பொஞ்சாதி, துரு பிடிக்கப்படாதுன்னு தெரியாத்தனமா எண்ணெய் போட்டுட்டா. நேத்து நான் சொன்னது பொய்."

கடை வாசலே அதிர்கிற மாதிரி சிரித்தார்கள். ஒருவன் தொடையில் தட்டிக்கொண்டான். "மூஞ்சிய எப்டி வச்சிக்கினு சொல்றாம் பாரு! கில்லாடிப்பா இவன்!"

கிச்சா சிரிக்கவில்லை. பின்னால் கய்யூம் நின்றுவிட்டது தெரிந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"விளையாட்டு இல்லை கபாலி. நான் சொன்னது பொய். இவர் நிரபராதி. என் வாய்க்கொழுப்பாலே ஒரு ராத்திரி முழுக்க உள்ளே இருந்துட்டு வரார்."

மறுபடியும் சிரித்தார்கள். இந்தத் தடவை இரண்டு பேர் சேரவில்லை. கிச்சா அங்கேயே நின்று மூன்றாம் தடவையும் அதையே சொன்னான். குரல் உடைந்துவிட்டது. கபாலி சிரிப்பை நிறுத்திவிட்டு, கிச்சாவுக்குப் பின்னால் நின்ற மனிதரை அப்போதுதான் நன்றாகப் பார்த்தான். மற்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தான்.

கிச்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே நடந்தான். அடுத்த கடை வாசலிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள்.